மூன்று அங்குலம்

என் சுசூகி ஜீப்பின் பாடியை மூன்று அங்குலம் தூக்கினேன். தூக்கிய பிறகும் அதன் டிஃபரென்ஷியல் பழைய உயரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. காட்டுப் பாதையில் கல்லும் கட்டையும் இடிக்கிற இடம் அதுதான். அந்த இடம் ஒரு நூல்கூட உயராது என்பது ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே எனக்குத் தெரியும்.

தெரிந்தேதான் தூக்கினேன். தூக்கும்போது ஒரு முக்கியமான இணைப்பை அரைகுறையாக விட்டேன். அதையும் தெரிந்தேதான் விட்டேன். பிறகு என் மைத்துனன் அந்த வண்டியோடு கானுக்குள், அதாவது பாதையோர வடிகாலுக்குள், கவிழ்ந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டான். பையனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ஊர் பேசியது. நான் பேசவிட்டேன். இதை எழுதுவது அந்த மூன்றாவது குற்றத்துக்காக. முதல் இரண்டையும் சொல்லாமல் அது விளங்காது என்பதால் வரிசையாகவே சொல்கிறேன்.

நான் மலாக்காவின் ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பா டிராக்டர் ஓட்டினார். 1896இல் டான் சாய் யான் என்பவர் இங்கே புக்கிட் லிந்தாங்கில் கித்தா (ரப்பர்) நட்டார். இந்த நாட்டில் அதை வாணிபப் பயிராக நட்ட முதல் தோட்டம் அது. அடுத்து புக்கிட் அசகானில் பெரிய தோட்டம் எழுந்தது. அந்த மரங்களின் பின்னால்தான் எங்கள் ஆட்கள் மலாக்கா மண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கித்தாவைச் சாய்த்துவிட்டுச் செம்பனை வைத்துக்கொண்டிருந்தார்கள். மரம் மாறியது, வீடுகளின் வரிசை மாறவில்லை. மேட்டில் துரை பங்களா, சரிவில் கிராணி வீடு, பள்ளத்தில் எங்கள் லயம். மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் முழுவதும் எங்கள் வாசலுக்கு வரும்.

துரையின் லேண்ட்ரோவர் வந்தால் எல்லாரும் கான் ஓரமாக ஒதுங்குவோம். என் கண் அந்த வண்டியின் கதவுக் கைப்பிடிக்கு நேராக இருக்கும். உள்ளே இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைத் தூக்க வேண்டும். அப்பாவும் தலையைத் தூக்கித்தான் பேசுவார். வண்டி என்றால் அது ஓட்டுகிறவனை மற்றவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் விழுந்தது.

இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. அதே லயத்தில், அதே அப்பாவுக்குப் பிறந்த என் அண்ணன் ஒரு மைவி காரை ஓட்டிக்கொண்டு இன்றுவரை நிம்மதியாக இருக்கிறார். நோய் தோட்டத்தில் பிடித்திருக்கலாம். வளர்த்தது நான்.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பழைய சுசூகி எஸ்ஜே410 ஒன்றை வாங்கினேன். 970 சிசி எஞ்சின், தனியான சேஸி, முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். எடை குறைவு என்பதால், பெரிய பிக்கப் புதைகிற சேற்றிலும் இது ஊர்ந்து வெளியே வந்துவிடும். வாரக் கடைசியில் அசகான் அருவிப் பக்கம் போகவும், மாமனார் வீட்டுத் தேங்காயையும் வாழைத்தாரையும் ஏற்றி வரவும் அது அப்படியே போதுமானதாக இருந்தது.

ஆசை வந்தது கிளேபாங்கில். கடலை நிரப்பி உண்டாக்கிய மணல்வெளி அது. நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகம் இருக்கிற பக்கம், மேடு மேடாக மணல் கிடக்கும். ஏடிவியும் பக்கியும் மணலைக் கிளப்பிக்கொண்டு ஓடும். டூன் பக்கி என்ற வண்டியைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964இல் ஃபைபர் கிளாஸில் பாடி செய்தார். பிறகு ஃபோக்ஸ்வாகன் பீட்டலின் தளத்தைக் குறுக்கி அதன்மேல் அப்படிப்பட்ட பாடிகளை உட்கார்த்தினார். மணலில் அது ஓடுவதற்குக் காரணம் அதன் எடைக் குறைவும், பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து அழுத்துகிற எஞ்சினும். பீட்டலின் பாடியையும் தளத்தையும் பிரித்து, நடுவில் மூன்று அங்குலச் சட்டம் வைத்து உயர்த்துகிற வழக்கமும் அமெரிக்காவில் உண்டு. இவ்வளவும் தெரிந்த நான் அன்று கிளேபாங்கில் கவனித்தது ஒன்றே ஒன்றை. ஒருவர் தூக்கிய ஜீப்போடு வந்து என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ளப் பையன்கள் ஓடினார்கள். என் வண்டியின் பானெட்டில் ஒருவன் தன் செருப்பை வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரமே நைலான் உருளை வாங்கித் துண்டு போடக் கொடுத்துவிட்டேன்.

பாடி லிஃப்ட் என்பது இதுதான். சேஸி தனி, பாடி தனி என்று இருக்கிற வண்டியில், இரண்டையும் பிணைக்கிற போல்ட்டுகளைக் கழற்றி, இடையில் கட்டையைக் கொடுத்து, நீளமான போல்ட்டுகளால் மறுபடியும் இறுக்குவது. கெம்பாரா மாதிரி சேஸியும் பாடியும் ஒன்றாகச் சேர்ந்த வண்டிகளில் இதைச் செய்ய முடியாது. மலிவான வேலை; ஸ்பிரிங்கைத் தொடவேண்டியதில்லை. ஆனால் சேஸி, எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டினால் கரை நனையாது. ஆள் வளர்ந்துவிட மாட்டான்.

இதனால் கிடைக்கிற ஒரே நன்மை, சக்கரத்துக்கு மேலே இடம் கூடுவது. அந்த இடத்தில் பெரிய டயர் போடலாம். டயர்தான் அச்சைத் தூக்கும். அதுவும் கூடுகிற உயரத்தில் பாதிதான் கிடைக்கும், ஏனென்றால் அச்சு இருப்பது டயரின் நடுவில். 27 அங்குல டயரைக் கழற்றி 30 அங்குலம் போட்டேன். டிஃபரென்ஷியல் ஒன்றரை அங்குலம் ஏறியது. அதற்கு நான் கொடுத்த விலை என்ன? ஓர் உருட்டுக்கு வண்டி அதிக தூரம் போவதால், மீட்டர் முள் 90இல் நிற்கும்போது வேகம் 100. சின்ன எஞ்சின் மேட்டில் மூச்சு வாங்கியது. பழைய பிரேக் கனத்த டயரைப் பிடித்து நிறுத்தத் திணறியது. அகலம் குறைந்த வண்டியின் கனம் மேலே ஏறிவிட்டது. இந்த வண்டியின் தம்பி, அமெரிக்காவில் சாமுராய் என்ற பெயரில் விற்றது. திருப்பத்தில் அது எளிதாகக் கவிழும் என்று கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 1988இல் எழுதியது. சுசூகி 1996இல் வழக்குப் போட்டது, 2004இல்தான் இரு தரப்பும் சமாதானம் ஆயின. கம்பெனி விட்ட உயரத்திலேயே இவ்வளவு தகராறு நடந்த வண்டியை நான் இன்னும் தூக்கினேன்.

பாடியைத் தூக்கினால் இரண்டுக்கும் நடுவே ஓடுகிற அத்தனையும் இழுபடும். ரேடியேட்டர் பாடியோடு மேலே போய்விடும், விசிறி எஞ்சினோடு கீழே நிற்கும். காற்று சரியான இடத்தில் படாது. பெட்ரோல் ஊற்றுகிற வாயையும் தொட்டியையும் சேர்க்கிற குழாய் விறைக்கும். கியர்க் கம்பி தளத்தின் ஓட்டையில் இடிக்கும். எனக்கு இரண்டாவது கியர் தானாகவே கழன்று வந்துகொண்டிருந்தது. எர்த் வயர் எட்டாமல் அறுந்தால், மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சூடாக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. ஒவ்வொன்றாகச் செய்தேன். ஸ்டீயரிங்கைத் தவிர.

ஸ்டீயரிங் சக்கரம் பாடியில் இருக்கிறது. சக்கரங்களைத் திருப்புகிற ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸியில் இருக்கிறது. இரண்டையும் ஒரு தண்டு இணைக்கிறது. பாடி உயர்ந்தால் அந்தத் தண்டு எட்டாது. தண்டின் நுனியில் பற்கள் இருக்கும். அவை இணைப்பின் வாய்க்குள் முழுதாக நுழைய வேண்டும், குறுக்கே போகும் போல்ட் தண்டில் அதற்கென்று வெட்டிய பள்ளத்தில் உட்கார வேண்டும். அப்போதுதான் போல்ட் தளர்ந்தாலும் தண்டு வெளியே வராது. என் வண்டியில் பற்கள் விரல்நுனி அளவுக்குத்தான் உள்ளே போயின. பள்ளம் வெளியே தெரிந்தது. போல்ட் வெறுமனே மேலே கவ்விக்கொண்டு நின்றது.

நீட்டிப்புத் துண்டு ஒன்று வாங்கினால் தீர்கிற விஷயம். கோலாலம்பூரிலிருந்து வர நாளாகும் என்றார்கள். மாசி மகம் நெருங்கிவிட்டது. செங் என்ற ஊரின் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குக் கூட்டம் வரும் வழியில் எங்கள் குழு தண்ணீர்ப் பந்தல் போடும். பானைகளையும் ஐஸ் பெட்டிகளையும் இந்த வண்டியில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். உண்மையைச் சொன்னால், வேனில் ஏற்றியிருக்கலாம். கூட்டத்துக்கு நடுவே அந்த உயரத்திலிருந்து நான் இறங்க வேண்டும் என்பதுதான் ஆசை. போல்ட்டை என்னால் முடிந்தவரை முறுக்கினேன். துண்டு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டேன். ஆர்டர் கொடுக்கவே இல்லை.

நான் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்தவன். ஒரு போல்ட் சரியாக உட்காராவிட்டால் இயந்திரத்தை ஓடவிடாமல் சிவப்பு அட்டை தொங்கவிடுகிற ஆள் நான்தான். தெரியாதவன் செய்த தப்புக்கு ஒரு மன்னிப்பு உண்டு. எனக்கு அந்த வாசலும் இல்லை.

மாசி மகத்தன்று எல்லாரும் பார்த்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்தால் இந்த வாக்குமூலம் பாதி பொய்யாகிவிடும். பிள்ளைகள் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். பழைய தோட்டத்து ஆள் ஒருவர், “துரை வண்டி மாதிரியே இருக்கேப்பா” என்றார். அந்தச் சொல்லுக்காகவே அவ்வளவும் செய்தேன் என்று அப்போது தெரிந்தது.

சில மாதம் கழித்து கிளேபாங் மணலில் திருப்பும்போது ஸ்டீயரிங்குக்குக் கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

மைத்துனன், என் மனைவியின் தம்பி. தோட்டத்தில் செம்பனைக் குலை அறுக்க ஆள் வைத்து குத்தகை வேலை எடுத்துக்கொண்டிருந்தான். பதினைந்து இருபது கிலோ குலைகளை அலுங்காமல் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வருவான். சேற்றுப் பாதையில் அவன் கையை நம்பி மண்டோர் (மேற்பார்வையாளர்) அவனிடம்தான் லோரியைக் கொடுப்பார். அவன் பிக்கப் பழுதாகிக் கிடந்த ஒருநாள், அரிவாள்களையும் சாப்பாட்டையும் ஏற்றிப்போக என் ஜீப்பைக் கேட்டான். முதல் நாள் இரவு நல்ல மழை. சாவியைக் கொடுக்கும்போது ஸ்டீயரிங் ஞாபகம் வந்தது. “மெதுவா ஓட்டு” என்றேன். வண்டியில் என்ன கோளாறு என்று சொல்லாமல், என் மனச்சாட்சிக்கு ஒரு ரசீது வாங்கிக்கொள்ள அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது.

மெதுவாகத்தான் ஓட்டினான். செம்மண் பாதையில் டிராக்டர் போட்ட பள்ளத்தில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கியிருக்கிறது. சேஸி முறுகியிருக்கிறது; மேலே பாடி தன் போக்கில் சாய்ந்திருக்கிறது. தண்டு வாயிலிருந்து கழன்றுவிட்டது. வண்டி கானை நோக்கி நேராகப் போய், பக்கவாட்டில் கவிழ்ந்தது.

ஃபோன் வந்ததும் முதலில் கிளம்பியது நான். அவனை ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வண்டிக்குப் போனேன். பானெட்டைத் திறந்தேன். தண்டு தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் யாரும் பார்க்கவில்லை. நெம்பி அதை மறுபடியும் வாய்க்குள் சொருகி, போல்ட்டை முறுக்கினேன். கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மண்டோர் வந்தார். “மழையில சறுக்கிடுச்சு போல” என்று நானாகவே சொன்னேன்.

கட்டுப் போட்ட தோளோடு அவன் என்னிடம் சொன்னது இது: “மாமா, ஸ்டீயரிங் சும்மா சுத்துச்சு. ஒடிச்சேன், ஒண்ணும் திரும்பல.”

நான் சொன்னது: “பயத்துல அப்படித்தான் தோணும்பா.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு அன்பான குரலில் சொன்னது வேறு இல்லை. அவன் நம்பினான். என்னை நம்பியதால், தன் கையை நம்புவதை விட்டுவிட்டான்.

பயம் எதற்கு என்று கேட்டால், முதலில் பணம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது குற்றம். நான் அனுமதி கேட்கவில்லை, காப்புறுதிக்காரர்களிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் இழப்பீட்டுக்கு அவர்கள் கையை விரிக்கலாம், எனக்கு அபராதமும் வரலாம். பணம் மட்டும் என்றால் இந்தக் கதை சில மாதத்தில் முடிந்திருக்கும். என் கையால் இறுக்கியது கழன்றது என்று நாலு பேர் அறிவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் வட்டாரத்தில் எந்த வண்டி மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை அவன் தோளின்மேல் வைத்துக் காப்பாற்றிக்கொண்டேன்.

வண்டி திரும்பி வந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக நைலான் கட்டைகளைக் கழற்றினேன். பழைய போல்ட், பழைய டயர். அசல் உயரத்துக்கு இறக்கி, ஸ்டீயரிங் தண்டைப் பற்கள் முழுதும் உள்ளே போகும்படி இறக்கி, பள்ளத்தில் போல்ட்டை உட்கார்த்தி விற்றுவிட்டேன். மூன்று அங்குலத்தை அழிக்க ஒரே இரவு போதுமானதாக இருந்தது.

அங்கே அவன் நிலைமை வேறு. மண்டோர் லோரிச் சாவியை வேறு ஆளிடம் கொடுத்தார். “ஜீப்பையே கானுக்குள்ள விட்டவன்” என்று டீக்கடையில் ஒரு பேச்சு. கல்யாண வீடுகளுக்குக் குடும்பத்தோடு காரில் போகிறபோது, “நீ பின்னாடி உக்காரு, நான் ஓட்டுறேன்” என்று சின்னப் பையன்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அவனும் மறுபேச்சுப் பேசாமல் பின்னால் உட்கார்ந்தான். தோள் எலும்பு கூடிவிட்டது. குத்தகையை விட்டுவிட்டு ஆயர் குரோவில் காவலாளி வேலைக்குப் போனான். அந்த வேலைக்கு ஒருவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. பல நாள் கொண்டுபோய் விட்டது நான்தான். நல்ல மாமா என்று அதற்கும் எனக்கே பெயர்.

அண்மையில் அவனிடம் சொன்னேன். என்ன தைரியத்தில் என்று கேட்காதீர்கள். அவன் மகன் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று கேட்டான். “வேணாம்டா, நம்ம கைக்கு அது வராது” என்று இவன் சொன்னதைக் கேட்டேன். என் பொய் அடுத்த தலைமுறைக்கும் போவதைப் பார்த்தபோது உட்கார முடியவில்லை. வெளியே கூப்பிட்டு, தண்டு, பற்கள், பள்ளம், போல்ட், கானுக்குள் நான் சொருகியது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அழவில்லை, அடிக்கவில்லை. “எந்த போல்ட்டு?” என்று கேட்டான். தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, “அப்ப நான் சரியாத்தான் ஒடிச்சிருக்கேன்” என்றான். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. தோள் உடைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “நான் சொன்னேன்ல மாமா. அன்னைக்கே சொன்னேன்ல. நீங்கதான் இல்லைன்னீங்க” என்றான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என் மனைவி இதைக் கேட்ட நாளிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். அது அவள் உரிமை.

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்: “என்கிட்ட சொன்னா போதுமா? அங்க சொன்னீங்களா?” மண்டோர் ஓய்வுபெற்றுத் தம்பினில் இருக்கிறார், போய்ச் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், சிலர் நம்பினார்கள், சிலர் குடும்பத்துக்காக மாமன் பழியை ஏற்கிறான் என்று என்னையே புகழ்ந்தார்கள். அந்தப் புகழையும் சேர்த்து மறுக்கவே எழுத்தில் வைக்கிறேன்.

வண்டியைத் தூக்க நினைக்கிற தம்பிகளுக்கு: அனுமதி வாங்குங்கள், தரமான போல்ட் போடுங்கள், ஸ்டீயரிங் தண்டு முழுதாக உள்ளே போகாத வண்டியை வாசலைத் தாண்ட விடாதீர்கள். அப்படி ஒரு வண்டியை யாராவது இரவல் கேட்டால், மெதுவாக ஓட்டு என்று சொல்லாதீர்கள். கோளாறைச் சொல்லுங்கள்.

ஜாசின் பக்கத்து ஆட்களுக்கு: அன்று என் மைத்துனன் மழையில் சறுக்கவில்லை, வேகமாகப் போகவில்லை, பயப்படவும் இல்லை. திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திருப்பினான். திரும்பாத வண்டியை அவனிடம் கொடுத்தவன் நான். உங்களிடம் லோரி இருந்தால் அவனை நம்பிச் சாவியைக் கொடுக்கலாம்.